சிவப்புத் தேயிலை வேன் பிறந்த கதை

மெச்பொக்ஸ் வரிசையில் 47-ஆம் எண், ஒரு சிவப்பு வேன். இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் அதை 1958-இல் வெளியிட்டது. நீளம் இரண்டேகால் அங்குலம். உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் மறைந்துவிடும். இரு பக்கமும் ‘புரூக் பொண்ட் டீ’ என்ற எழுத்து, கூடவே தேயிலைப் படம். அதற்கு முந்திய ஆண்டிலேயே லிவர்பூலின் டிங்கி டோய்ஸ் இதே வேனை, இதே சிவப்பில், இதே பெயருடன் 455-ஆம் எண்ணில் கடைக்கு அனுப்பியிருந்தது. அது கொஞ்சம் பெரியது, மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட.

பழைய உலோகக் கார்களை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் ஜாகுவாரில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் ஜேம்ஸ் பொண்டின் அஸ்டன் மார்ட்டினில். நான் இலங்கையின் தெமோதரைக்காரன். எனக்கு இந்த இரண்டு வேன்களில்தான் தொடங்கத் தோன்றுகிறது. ஒரே வண்டியை இரண்டு கம்பனிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்தது ஒரு காரணம். அதில் எழுதியிருக்கும் பண்டம் எங்கள் மலையில் விளைவது மற்றக் காரணம்.

அசல் வேன் ட்ரோஜன் கம்பனியுடையது. லண்டனுக்குத் தெற்கே குரொய்டனில் செய்தார்கள். புரூக் பொண்ட் 1920-களிலிருந்தே ட்ரோஜன் வேன்களை ஓட்டிவந்தது. விற்பனையாள் வேனில் தேயிலையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பலசரக்குக் கடைகளுக்கே நேரில் போய்ப் போடுவார். அந்தத் தேயிலை பல நாட்டு இலைகளின் கலவை. அதில் இலங்கை இலையும் உண்டு.

எங்கள் பக்கத்திலிருந்து அந்த இலை போன வழி நீண்டது. பண்டாரவளைக்கு 1894-இலேயே கோச்சி வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல வருடங்கள் பாதை அங்கேயே நின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் எழுந்தது. பதுளைக்கு ரயில் 1924-இல் போய்ச் சேர்ந்தது. அதுவரை எங்கள் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டியில்தான் புறப்பட்டன. பிறகு பெட்டிகள் தெமோதரையிலும் பதுளையிலும் கோச்சி ஏறி, கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் லண்டனுக்குப் போயின. அந்த நாளில் பெட்டிக்குள் காற்றும் ஈரமும் புகாமலிருக்க ஈயத்தாள் விரிப்பார்கள். அந்த ஈயத்தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தக் கதையில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

உலோகத்தில் வார்த்த விளையாட்டுக் கார் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, அமெரிக்காவில். சிகாகோவில் டவுஸ்ட் என்ற குடும்பம் சலவைத் தொழிலுக்கென்று ஒரு பத்திரிகை நடத்திவந்தது. 1893-இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போன சார்ல்ஸ் டவுஸ்ட் அங்கே லைனோடைப் இயந்திரத்தைப் பார்த்தார். உருகிய உலோகத்தை ஊற்றி, அச்செழுத்தை வரிவரியாக வார்த்துத் தள்ளும் இயந்திரம் அது. எழுத்தை வார்க்க முடியுமென்றால் வேறு சிறு பொருளையும் வார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. சட்டைக் கொலர் பொத்தானும் சலவைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் குட்டி இஸ்திரிப் பெட்டியும் முதலில் வந்தன. மொனொபொலி ஆட்டத்தில் 2013 வரை காயாக நகர்ந்த இஸ்திரிப் பெட்டி அங்கே பிறந்ததுதான். அடுத்து வந்தது கார். 1920-களில் ‘டூட்ஸிடோய்’ என்ற பெயர் அமெரிக்கப் பிள்ளைகளின் வாயில் நிலைத்துவிட்டது. பத்திரிகை அச்சிடப் பிறந்த தொழில்நுட்பம் என்பதால் வேகமாக, மலிவாக, ஒன்றுபோல் ஆயிரமாக வார்ப்பது அதன் இயல்பிலேயே இருந்தது.

லிவர்பூலில் கார் வேறு விதமாகப் பிறந்தது. ஃபிராங்க் ஹோர்ன்பி 1901-இல் துளையிட்ட உலோகப் பட்டிகளுக்குக் காப்புரிமை வாங்கியவர். மெக்கானோ அதிலிருந்து வந்தது. 1920-இல் ஹோர்ன்பி விளையாட்டு ரயில் வந்தது. ரயிலை வாங்கிய பிள்ளைக்குத் தரையில் வட்டமாகத் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். வட்டத்தின் நடு வெறுமையாகக் கிடக்கும். அதை நிரப்ப ஸ்டேஷன் மாஸ்டர், கூலியாள், பயணி, பெட்டிபடுக்கை என்று குட்டி உருவங்களைச் செய்து விற்றார்கள். 1933 டிசம்பரில் 22-ஆம் எண் தொகுதியாக ஆறு வண்டிகள் வந்தன: இரண்டு ஸ்போர்ட்ஸ் கார், ஒரு லொறி, ஒரு டிலிவரி வேன், ஒரு டிராக்டர், ஒரு ராணுவ டாங்கி. அடுத்த ஆண்டில் அவற்றுக்கு டிங்கி டோய்ஸ் என்று பெயரிட்டார்கள்.

தெமோதரையில் பிறந்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஸ்டேஷனை விட்டுப் பதுளைப் பக்கம் புறப்படும் கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, கொஞ்ச நேரத்தில் அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். மேலே மேடையில் நின்று வழியனுப்பிய கோச்சியைக் கீழே இன்னொரு முறை பார்க்கலாம். பிள்ளைகள் தரையில் பூட்டிய ரயில்போலத்தான் எங்கள் பாதை இருக்கிறது. வட்டத்துக்குள்ளே கொழுந்து மலை, தொழிலாளர் லயன், கோயில், தேயிலை ஸ்டோர், லொறி. ரயிலைச் சுற்றி ஓர் ஊர் வேண்டும், ஊருக்கு வண்டி வேண்டும் என்று ஹோர்ன்பிக்குத் தோன்றியது இயல்புதான்.

ரயிலின் துணையாகப் பிறந்த அடையாளம் டிங்கியை விட்டுப் போகவே இல்லை. ஹோர்ன்பி ரயிலின் ‘ஓ’ அளவில், அசலின் ஓர் அடி பொம்மையில் 7 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் 43-இல் ஒரு பங்கு. சேகரிப்பாளர்கள் உலகம் முழுவதும் இன்றைக்கும் 1:43 என்று சொல்லும் அளவு அந்தத் தண்டவாளத்திலிருந்து வந்தது. டிங்கிக் கார்கள் எல்லாமே அந்த அளவில் இருக்கவில்லை என்றாலும், ஒரு காரையும் ஒரு ஸ்டேஷனையும் பக்கத்தில் வைத்தால் பொருந்த வேண்டும் என்ற எண்ணம் அவற்றில் இருந்தது. இன்னொன்றும் அங்கேதான் தொடங்கியது. 1934-இலேயே வேனின் பக்கத்தில் உண்மையான வியாபாரப் பெயர்களை ஒட்டினார்கள்: ஹோர்ன்பி ரயில், ஒக்ஸோ, கொடாக் என்று. புரூக் பொண்ட் வேனின் பாட்டன் அந்த வரிசை.

இனி ஈயம். தொடக்கத்தில் டிங்கிகளை ஈயத்தில் வார்த்தார்கள். அது மிருது; விழுந்தால் வளையும். துத்தநாகத்தோடு நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியமும் சிறிது செம்பும் மக்னீசியமும் சேர்த்தால் கெட்டியான, மெல்லிய சுவராக வார்க்கக்கூடிய கலவை கிடைக்கும். நியூ ஜெர்சி சிங்க் கம்பனி 1920-களின் கடைசியில் அதைச் செம்மைப்படுத்தியது. ஸாமக் என்று அதற்குப் பெயர், இங்கிலாந்தில் மாஸக். ஏறக்குறைய 400 பாகை சூட்டில் உருகிவிடும். இரண்டு பாதியாகத் திறக்கும் எஃகு அச்சுக்குள் அழுத்தி ஏற்றினால் கதவின் விளிம்பும் விளக்கின் வளையமும் ஒரே வார்ப்பில் வந்துவிடும்.

ஆனால் இந்தக் கலவைக்கு ஈயம் ஆகாது. 10,000 பங்கில் ஒரு பங்கு அளவுக்கு ஈயம் கலந்தாலே போதும்; வெளியே ஒன்றும் தெரியாமல், உலோக மணிகளின் இடுக்கில் அரிப்பு தொடங்கும். வருடங்கள் கழித்துக் கார் ஊதும், நீளும், கோடுகோடாக வெடிக்கும். கடைசியில் மேசையிலேயே பொடியாகிக் கிடக்கும். ஈரமும் சூடும் அதை விரட்டும். போருக்கு முந்திய டிங்கிகள் பல இப்படித்தான் அழிந்தன. அதற்கு மருந்து கிடையாது. ஒரே உருக்குச் சட்டியில் நேற்று ஈயம், இன்று துத்தநாகம் என்று வேலை செய்த இடங்களில் கலப்பு நேராமல் காப்பது எவ்வளவு கஷ்டம் என்பது யோசித்தால் புரியும். எங்கள் தேயிலையை ஈரத்திலிருந்து காத்த உலோகமே இந்தக் கார்களைக் கொன்றது. 1957, 58-இல் வந்த தேயிலை வேன்களுக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. அதற்குள் சுத்தத் துத்தநாகத்தின் அருமை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

லெஸ்னி பிறந்தது போருக்குப் பிறகு. கடற்படையில் இருந்த லெஸ்லி ஸ்மித்தும் ரொட்னி ஸ்மித்தும் 1947-இல் தங்கள் பெயர்களின் பாதியைச் சேர்த்து ‘லெஸ்னி’ என்று வைத்தார்கள். இருவரும் உறவினர்கள் அல்ல. வட லண்டனில் மூடிக் கிடந்த ஒரு மதுக்கடைக் கட்டடத்தில் வார்ப்பு இயந்திரத்தைப் போட்டு, பிற கம்பனிகளுக்கு உதிரிப் பாகம் செய்தார்கள். கூட வந்தவர் ஜக் ஒடெல், கைத்திறனுள்ள பொறியாளர். கொரியப் போர்க் காலத்தில் பொம்மைக்குத் துத்தநாகம் தடையானது. தடை நீங்கியதும் 1953-இல் அரசியின் முடிசூட்டு விழா வந்தது. அவர்கள் செய்த குட்டி ராஜ ரதம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மெச்பொக்ஸுக்கு மூலதனம் அந்த ரதம்தான்.

யோசனை ஒடெலின் மகளிடமிருந்து வந்தது. தீப்பெட்டிக்குள் அடங்குகிற விளையாட்டுச் சாமானை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டளை. தகப்பன் தங்கள் கம்பனியின் ரோட் ரோலரையே பித்தளையில் குட்டியாகச் செய்து கொடுத்தார். கூடப் படித்த பிள்ளைகளுக்கும் ஒன்று வேண்டுமாம். அதே ரோட் ரோலர் 1953-இல் மெச்பொக்ஸ் 1-ஆம் எண்ணாக வந்தது, தீப்பெட்டி போன்ற அட்டைப் பெட்டியில்.

இந்தப் பிறப்பும் பொம்மையின் உடம்பில் தெரியும். மெச்பொக்ஸுக்கு நிலையான அளவு கிடையாது. அளவுகோல் பெட்டிதான். பஸ்ஸும் காரும் லொறியும் அந்தப் பெட்டிக்குள் அடங்குமாறு சுருங்கின. 5-ஆம் எண் லண்டன் பஸ்ஸைப் பக்கத்திலிருக்கும் காரோடு வைத்தால் பொருந்தாது. (அந்த வகை இரட்டைத் தட்டு லண்டன் பஸ்கள் பிறகு இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வந்து கொழும்பில் ஓடின.) ரயிலோடு விளையாடும் பிள்ளைக்கு அது குறை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

இரண்டு வேன்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிங்கியின் அச்சு 1951-இலேயே வெட்டியது. முதலில் எஸ்ஸோ, பிறகு டன்லப், சிவர்ஸ், ஒக்ஸோ, ஸைட்ரக்ஸ் என்று சட்டை மாற்றி, 1957-இல்தான் தேயிலைச் சட்டை போட்டது. அடியில் மெல்லிய தகரத் தட்டு, அதைப் பிடிக்கும் தறை. உலோகச் சில்லின் மேல் உண்மையான ரப்பர் டயர். மேசையில் உருட்டினால் சத்தமில்லாமல் போகும். கனமாக, நிதானமாக இருக்கும். ஜன்னல் திறந்த ஓட்டைதான், கண்ணாடி இல்லை. இதை அன்றைக்கே பிள்ளைகள் குறையாகக் கண்டிருப்பார்கள். ஏனென்றால் 1956-இல் கோர்கி வந்து ‘ஜன்னல் வைத்த கார்’ என்றே விளம்பரம் செய்தது. கோர்கியின் தாய் மெட்டோய் கம்பனி, ஜெர்மனியை விட்டு வந்த பிலிப் உல்மன் தொடங்கியது. தகரப் பொம்மையும் பிளாஸ்டிக்கும் பழகிய கம்பனி என்பதால் உலோக உடலுக்குள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கைப் பொருத்துவது அவர்களுக்குச் சுலபம். பிறகு ஸ்பிரிங் வைத்தார்கள், 1965-இல் ஆசனத்திலிருந்து ஆளைத் தூக்கி எறியும் அஸ்டன் மார்ட்டினே வந்தது. வித்தை காட்டுவதில் கோர்கியை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் எனக்கு அந்த வித்தைகளைவிட ஒரு நல்ல வார்ப்பின் விளிம்பு பெரிது.

லெஸ்னி வேனில் கண்ணாடியும் இல்லை, ரப்பரும் இல்லை. முன்முகத்தின் வளைவைப் பாருங்கள்: விளக்கு, முன்கிராதி, கதவின் கோடு எல்லாம் நகத்தால் தடவினால் உணரும்படி கூர்மையாக நிற்கும். இந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு தெளிவு வர ஒடெலின் பட்டறை வெட்டிய அச்சுதான் காரணம். வார்ப்பு வேலையில் டிங்கியை லெஸ்னி வென்றுவிட்டது என்றே நான் சொல்வேன். 1958 கம்பனிக்கு மாறுகிற காலம். உலோகச் சில்லிலிருந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சில்லுக்குப் போனார்கள். அச்சாணியின் முனையை நசுக்கி நிறுத்துவதை விட்டு உருண்டைத் தலையாக அடிக்கத் தொடங்கினார்கள். அதனால் 47-ஆம் எண் வேன் இரண்டு சில்லிலும் கிடைக்கிறது. வாங்குகிறவர் முதலில் அச்சாணியைப் பார்க்கட்டும். முனை அறுத்து வேறு கம்பி போட்டிருந்தால், வேனை யாரோ பிரித்துப் புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள். பிறகு ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். அது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டிய படம். அறுபது எழுபது வருடத்தில் ஓரம் உரிவதும் மஞ்சளிப்பதும் இயல்பு. சாயம் தேய்ந்து படம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தப் படம் புதிது.

அந்த வேன் லண்டன் கடைகளில் விற்ற ஆண்டுகளில், அதில் எழுதியிருந்த தேயிலையைப் பறித்த எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அதைப் பறித்திருந்தது. ‘புரூக் பொண்ட் டீ’ என்ற எழுத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் இதே தண்டவாளத்தில் இறங்கி, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போயின.

லயன் பிள்ளைகளின் கையில் டிங்கியோ மெச்பொக்ஸோ வந்தது அபூர்வம். 1970-க்கும் 77-க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வசதியுள்ள வீட்டுக்கே அது எட்டவில்லை. நாங்கள் எங்கள் கையாலேயே செய்தோம். டின்மீன் டின்னைப் பிரித்துத் தட்டி நிமிர்த்தினால் உடம்பு. அறுந்த ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டினால் நாலு சில்லு. வெட்டுவதற்குச் சவர பிளேட்டின் பாதி. சைக்கிள் கம்பி அச்சாணி. விளக்குக்குத் தேயிலைப் பெட்டியின் தாளைக் கிழித்து ஒட்டுவோம். எங்கள் காலத்தில் அது ஈயமல்ல, அலுமினியம். நீளமான தடியை முன் அச்சாணியோடு கட்டி, நின்றபடியே திருப்பி ஓட்டுவோம். 47-ஆம் எண் வேனுக்குத் திருப்பும் வசதி கிடையாது; எங்கள் தகர லொறிக்கு இருந்தது. எல்லாக் கம்பனிகளோடும் அதையும் ஒன்றாக வைத்துத்தான் நான் ஒப்பிடுகிறேன். இறக்கமான ஒற்றையடிப் பாதையில் கூடவே ஓடுவதற்குப் பிறந்த வண்டி அது, அந்த வேலையில் மற்றவை எதுவும் அதற்கு ஈடில்லை.

தேய்ந்த டிங்கி அச்சுகள் சில இந்தியாவுக்கும் வந்தன. கல்கத்தாவில் ‘நிக்கி டோய்ஸ்’ என்ற பெயரில் அவற்றிலிருந்து வார்த்தார்கள். இங்கிலாந்தின் அட்லஸ் மினிபஸ் அங்கே ‘ஸ்டாண்டர்ட் 20’ ஆனது. அந்த வேனின் அசலைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பனி செய்துவந்தது. சாயம் தடிப்பு, விளிம்பு மழுங்கல். அப்படியிருந்தும் சேகரிப்பாளர்கள் இன்று அதைத் தேடுகிறார்கள், தேடட்டும்.

1968-இல் அமெரிக்காவின் மாட்டெல் கம்பனி ஹொட் வீல்ஸைக் கொண்டுவந்தபோது இங்கிலாந்துக் கம்பனிகள் ஆடிப்போயின. மெல்லிய கம்பி அச்சாணி, உராய்வில்லாத சில்லு. சரிவில் விட்டால் பறக்கும். அது பாதையில் ஓடிப் பந்தயம் வெல்லப் பிறந்தது, அசலைப்போல் இருக்க வேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை. லெஸ்னி மறு ஆண்டே ‘சுப்பர்ஃபாஸ்ட்’ சில்லுக்கு மாறியது. லிவர்பூலின் பின்ஸ் ரோட் தொழிற்சாலை 1979-இல் மூடியது. லெஸ்னி 1982-இல் முறிந்தது, கோர்கியின் மெட்டோய் 1983-இல். மெச்பொக்ஸ் பெயர் 1997-இல் மாட்டெலிடமே போய்ச் சேர்ந்தது.

முறிவதற்கு நாலு வருடம் முன்னால், 1978-இல், லெஸ்னி இன்னொரு தேயிலை வேன் செய்தது. பழைய டல்பொட் வேன், பக்கத்தில் லிப்டன் டீ. லிப்டன் 1890-இல் வாங்கிய தம்பேதன்ன தோட்டம் அப்புத்தளைக்குப் பக்கம். எங்கள் ஊவா மலைதான். அழகான வேன் அது, பெரியவர்கள் கண்ணாடி அலுமாரியில் வைப்பதற்கென்றே செய்தது. கீறல் விழாத லிப்டன் வேன்களை இன்றும் பெட்டியோடு வாங்கலாம். கீறல் விழாத 47-ஆம் எண்ணைக் காண்பது கஷ்டம். அதைப் பிள்ளைகள் விளையாடித் தீர்த்துவிட்டார்கள்.

மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் அந்தக் குட்டி வேனைத்தான் எடுப்பேன். சில்லு உலோகமோ சாம்பல் பிளாஸ்டிக்கோ, சாயம் எவ்வளவு போயிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்திலுள்ள தேயிலைப் படம் மட்டும் உரியாமல் இருக்க வேண்டும்.